நட்சத்திரம் எண்ணிய மூன்று பேர்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பின் காலை அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே, சங்கத்தின் தலைவர், செயலாளர் அவர்களே, எனக்குப் பாடம் சொன்ன ஆசிரியப் பெருமக்களே, ஹாஸ்டலில் என்னோடு பக்கெட்டுக்குச் சண்டை போட்ட நண்பர்களே, பின் வரிசையில் உட்கார்ந்திருக்கும் இந்நாள் மாணவத் தம்பி, தங்கைகளே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

முறைப்படி பார்த்தால் பின் வரிசையைத்தான் முதலில் விளித்திருக்க வேண்டும். இன்றைய பேச்சு அவர்களுக்காகத்தான். செயலாளர் போன மாதம் போனில் கூப்பிட்டார். "சார், பசங்க வெளிநாட்டுக்கு அப்ளிகேஷன் போடறாங்க. நம்ம பழைய மாணவர்களோட பிள்ளைங்களும் போடறாங்க. மார்க்கெல்லாம் இருக்கு. கட்டுரைன்னு ஒண்ணு கேக்கறான் பாருங்க, அங்கதான் மாட்டிக்கறாங்க. நீங்க அங்க கமிட்டியில இருந்தவர். அரை மணி நேரம் பேசுங்க" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது: கட்டுரை எழுதுவது பற்றிப் பேச இந்தக் கல்லூரியிலேயே தகுதி குறைந்த ஆள் நான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஆனர்ஸ் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. அந்தக் காலத்தில் 'பி.ஏ. ஆனர்ஸ்' என்று வீட்டு வாசலில் பலகை மாட்டிக்கொண்டவர்கள் இருந்தார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி எஸ். சந்திரசேகர் 1930-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பெற்றது இயற்பியலில் பி.எஸ்ஸி. ஆனர்ஸ்.

அமெரிக்காவில் 'ஹானர்ஸ் ப்ரோகிராம்' என்பது சற்று வேறு. ஆக்ஸ்ஃபோர்டில் ரோட்ஸ் உதவித்தொகையில் படித்துத் திரும்பிய ஃபிராங்க் ஐடெலட் என்பவர், தாம் தலைவராக இருந்த ஸ்வார்த்மோர் கல்லூரியில் 1922-இல் இதைத் தொடங்கினார். நாலைந்து பேர் ஆசிரியரோடு உட்கார்ந்து விவாதிப்பது, கடைசியில் வெளியிலிருந்து வரும் அறிஞர்கள் தேர்வு நடத்துவது என்பது அதன் முறை. பிறகு பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்களும் இதை எடுத்துக்கொண்டன. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் 'பிளான் டூ' 1935-இல் வந்தது. ஆரிகன் பல்கலைக்கழகம் 1960-இல் ஒரு தனி ஹானர்ஸ் கல்லூரியையே வைத்தது. நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் பேர் படிக்கிற ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்குள்ளே ஒரு சின்னக் கல்லூரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறிய வகுப்பு, நிறைய வாசிப்பு, முடிவில் சொந்தமாக ஓர் ஆய்வேடு. சில இடங்களில் தனி ஹாஸ்டலும் உதவித்தொகையும் உண்டு.

இதற்கு இடம் கேட்டு வருகிறவர்கள் எல்லோருமே மார்க் வாங்கியவர்கள்தான். ஆகவே மார்க்கை வைத்துப் பிரிக்க முடியாது. அதனால்தான் ஒரு கட்டுரை கேட்கிறார்கள். ஐந்நூறு வார்த்தை இருக்கும், சில இடங்களில் அதற்கும் குறைவு. பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து பேசும் வகுப்பில் இந்தப் பிள்ளை வந்து உட்கார்ந்தால் என்ன பேசும்? ஒரு கேள்வி கிடைத்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? வாசிப்பவர் தேடுவது இதைத்தான். மேற்படிப்புக்கு நீங்கள் எழுதும் எஸ்.ஓ.பி.யில் துறைச் செய்தி கூடுதலாக இருக்க வேண்டும். மற்றபடி தேடல் ஏறக்குறைய ஒன்றே.

இப்போது என் தகுதிக் குறைவுக்கு வருகிறேன்.

1984. நான் இங்கே எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு. சென்னைக்குப் போய் மவுண்ட் ரோடு அமெரிக்கத் துணைத் தூதரக நூலகத்தில் உட்கார்ந்து பல்கலைக்கழக முகவரிகளைக் கையால் எழுதிக்கொண்டு வருவோம். விண்ணப்பம் தபாலில் வரும். அதில் ஒரு தாள், 'உங்களைப் பற்றி எழுதுங்கள்' என்று வெறுமையாக இருக்கும். நம்மைப் பற்றி எழுதச் சொல்லி அதற்குமுன் யார் கேட்டிருக்கிறார்கள்? பயந்துபோய்விட்டோம். ஹாஸ்டலில் ஒரு சீனியர் விட்டுப்போன ஃபைல் ஒன்று கைமாறிக்கொண்டே இருந்தது. அதில் ஒரு கட்டுரை. "சிறு வயதில் மொட்டை மாடியில் படுத்து வானத்து நட்சத்திரங்களை எண்ணியபோதே புள்ளியியல் மீது எனக்குத் தணியாத தாகம் ஏற்பட்டது" என்று ஆரம்பிக்கும். பஸ் ஸ்டாண்டு எதிரில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் கொடுத்து, பெயரை மட்டும் மாற்றி, கார்பன் வைத்து அடித்து வாங்கினேன். என் இரண்டு நண்பர்களும் அப்படியே செய்தார்கள். எங்கள் வீடு ஓட்டு வீடு. அதற்கு மொட்டை மாடியே கிடையாது.

மார்க் நன்றாக இருந்ததால் ஓர் இடத்தில் அட்மிஷன் வந்தது. 1985-இல் போய்ச் சேர்ந்தேன். முதல் வாரம் துறைப் பேராசிரியர் ஒருவர் அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் மூன்று ஃபைல்கள். மூன்றையும் திறந்து வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "உங்கள் ஊரில் குழந்தைகளை ராத்திரி சீக்கிரம் தூங்க வைக்க மாட்டார்களா?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு பார்த்தேன். மூன்று ஃபைலிலும் மூன்று பேர் நட்சத்திரம் எண்ணிக்கொண்டிருந்தோம்!

நண்பர்கள் சிரிக்கிறீர்கள். அன்றைக்கு எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று கால் நடுங்கியது. அவர் திட்டவில்லை. "உன் மார்க் உன்னை இங்கே கொண்டுவந்துவிட்டது. ஆனால் நீ யார் என்று தெரிந்துகொள்ள எனக்கு இந்த ஃபைலில் ஒரு இடமும் இல்லை" என்றார். "நிஜமாகவே உனக்குப் புள்ளியியல் எப்படிப் பிடித்தது?" என்று கேட்டார்.

சொல்வதற்கு என்னிடம் விஷயம் இருந்தது. ஆனால் அன்றைக்கும் சொல்லவில்லை. வெட்கம். என் அப்பா பஸ் கண்டக்டர். அதை எழுதினால் மதிப்பார்களா என்று நினைத்துத்தான் நட்சத்திரத்துக்குப் போனேன்.

நிஜம் இதுதான். ராத்திரி அப்பா வீட்டுக்கு வந்து தோல் பையைக் கவிழ்த்துக் கணக்குப் பார்ப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சில்லறையை அடுக்குவேன். எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமை சந்தை. அன்றைக்கு பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. படியில் தொங்குவார்கள். ஆனால் கலெக்ஷன் மற்ற நாளைவிடக் குறைவாக இருக்கும். எனக்கு அது பெரிய புதிர். அப்பா காசை எங்கேயோ தவறவிடுகிறாரோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை. டிக்கெட் கட்டுகளை எடுத்துக் காட்டினார். சந்தைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரு ஸ்டேஜ், இரண்டு ஸ்டேஜ் தூரம்தான். குறைந்த டிக்கெட். அவர்கள் நிறைந்துவிடுவதால் கடைசி ஊர் வரை போகிற, அதிக டிக்கெட் வாங்குகிற ஆட்கள் ஏற முடியாமல் அடுத்த வண்டிக்கு நின்றுவிடுவார்கள். "கூட்டம் வேற, கலெக்ஷன் வேறடா" என்றார். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. கண்ணுக்குத் தெரிகிற எண்ணிக்கையும் கேட்க வேண்டிய எண்ணிக்கையும் வேறு வேறு என்பதைப் பிற்பாடு எத்தனையோ பாடப்புத்தகங்களில் படித்தேன். அதைவிடத் தெளிவாக எதிலும் படிக்கவில்லை.

ஐந்நூறு வார்த்தைக்கு இது போதாதா? தாராளமாகப் போதும். ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. ஒரு புதிர் இருக்கிறது. நான் தப்பாக நினைத்தது இருக்கிறது, அது மாறியதும் இருக்கிறது. உலகத்தில் வேறு யாரும் அதை எழுதியிருக்க முடியாது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் இல்லாத மாடியில் ஏறி நின்றேன்.

அடுத்த கதை, வாசிப்பவனாக நான் செய்த பிழை. நான் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தில் பதினைந்து வருடத்துக்கு மேல் ஹானர்ஸ் கட்டுரைகளைப் படித்தேன். ஒரு கட்டுரையை இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து மதிப்பெண் போடுவோம். வித்தியாசம் அதிகமானால் உட்கார்ந்து பேசுவோம். ஒரு வருடம் ஒரு கிராமத்துப் பெண்ணின் கட்டுரை வந்தது. அவர்கள் வீட்டு முன்னால் சாலையோரம் ஒரு மேஜை. அதில் கோழி முட்டை, பக்கத்தில் காசு போட ஒரு பெட்டி. ஆள் இருக்கமாட்டார்கள். எடுத்துக்கொண்டு காசைப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். அங்கே கிராமங்களில் இது சாதாரணம். காசு குறைகிறது என்று இந்தப் பெண் ஒரு கோடை முழுக்கக் கணக்கு எழுதுகிறாள். போன முட்டை எத்தனை, வந்த காசு எத்தனை. பார்த்தால், ஒவ்வொரு மாதமும் கடைசி வாரத்தில்தான் குறைகிறது. சம்பளப் பணம் தீர்ந்த வாரம். யாரோ ஒரு வீட்டில் முட்டை தேவைப்படுகிறது, காசு இல்லை.

கண்டுபிடித்த பிறகு என்ன செய்தாள் தெரியுமா? கடைசி வாரத்தில் மட்டும் கணக்கு எழுதுவதை நிறுத்திவிட்டாள். நிறுத்தியது சரியா என்று இன்றுவரை தனக்குத் தெரியவில்லை என்று எழுதியிருந்தாள். எண்ணுவது மரியாதைக் குறைவாகும் சமயம் உண்டா என்று கேட்டு முடித்திருந்தாள்.

நான் அதற்குக் குறைந்த மதிப்பெண் போட்டேன். பரிசு இல்லை, சங்கத் தலைவி பதவி இல்லை, 'சமுதாயச் சேவை' இல்லை. முட்டைக் கதை எழுதியிருக்கிறாளே என்று தோன்றியது. என்னோடு படித்தவர் தத்துவத் துறைப் பேராசிரியை. அவர் முழு மதிப்பெண் போட்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து, "கடைசிப் பத்தியை மட்டும் சத்தமாகப் படியுங்கள்" என்றார். படித்தேன். பாதியில் என் குரல் மாறிவிட்டது. அப்பாவின் தோல் பை ஞாபகம் வந்துவிட்டது. நானே எழுதியிருக்க வேண்டிய ரகக் கட்டுரை அது. எனக்கே அடையாளம் தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்கு இடம் கொடுத்தோம்.

இதிலிருந்து மாணவர்களுக்கு நான் சொல்லக்கூடியவை சில. குறித்துக்கொள்பவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவது, கேள்வியைப் படியுங்கள். சிரிக்காதீர்கள். பாதிப் பேர் வேறு இடத்துக்கு எழுதியதையே இங்கேயும் அனுப்புகிறார்கள். 'உங்கள் கருத்தை மாற்றிக்கொண்ட ஒரு சந்தர்ப்பம்' என்று கேட்டால், மாறிய கதை வேண்டும். நீங்கள் ஆரம்பத்திலிருந்தே சரி என்ற கதை வேண்டாம்.

இரண்டாவது, விண்ணப்பத்தில் வேறு பக்கத்தில் இருப்பதைத் திரும்ப எழுதாதீர்கள். மார்க், ரேங்க், கோப்பை எல்லாம் ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது.

மூன்றாவது, விவேகானந்தரும் அப்துல் கலாமும் வணக்கத்துக்குரியவர்கள். ஆனால் அவர்கள் பொன்மொழியோடு கட்டுரையைத் தொடங்காதீர்கள். இருக்கிற ஐந்நூறு வார்த்தையில் ஐம்பதை ஏன் இன்னொருவருக்குக் கொடுக்கிறீர்கள்? எழுதி முடித்ததும் முதல் பத்தியைக் கையால் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் கட்டுரை இரண்டாவது பத்தியில்தான் ஆரம்பித்திருக்கும்.

நான்காவது, 'ஏன் எங்கள் ப்ரோகிராம்?' என்று கேட்டால், 'உலகத் தரம்' என்று எழுதாதீர்கள். அங்கே என்ன பாடம் நடக்கிறது, எப்படிப்பட்ட ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன என்று பாருங்கள். ஒரே ஒரு பாடத்தைப் பிடித்து, உங்கள் கேள்விக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நாலு வரி எழுதுங்கள். தொடர்பு இல்லை என்றால் அந்த இடம் உங்களுக்கு வேண்டாம் என்று அர்த்தம். விண்ணப்பக் கட்டணமாவது மிச்சம்.

ஐந்தாவது, எழுதியதைப் பத்துப் பேரிடம் காட்டாதீர்கள். ஆளுக்கு ஒரு வரி திருத்தினால் அது பத்துப் பேர் கட்டுரையாகிவிடும். உங்களைத் தெரிந்த ஒருவர், தெரியாத ஒருவர் போதும். இரண்டு பேரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: "எங்கே சலிப்புத் தட்டியது?"

ஆறாவது, கம்ப்யூட்டர். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு சீனியர் ஃபைலுக்கு வேலையில்லாமல் போய்விட்டது. கேட்டால் ஒரு நிமிஷத்தில் எழுதிக் கொடுக்கிறது, பிழையே இருக்காது. எந்த அளவுக்கு அதைப் பயன்படுத்தலாம் என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் விதியை வைத்திருக்கிறது. அதைப் படித்துப் பார்த்து அதன்படி நடங்கள். விதி ஒருபுறம் இருக்கட்டும். உங்கள் அப்பா ராத்திரி எப்படிக் கணக்குப் பார்த்தார் என்பது அதற்குத் தெரியாது. தெரியாத இடத்தில் அது நட்சத்திரம் எண்ணும். அதைக் கேட்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் அதே நட்சத்திரம்தான்.

இத்தனையும் தெரிந்த நான் வீட்டில் என்ன செய்தேன் என்று சொல்லி முடிக்கிறேன். இதைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை.

2011-இல் என் மகள் வேறொரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹானர்ஸ் ப்ரோகிராமுக்கு விண்ணப்பித்தாள். கட்டுரையை எழுதிக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தாள். நான் அவளைக் கேட்காமல் திறந்து 'திருத்தினேன்'. அதாவது, முழுக்க மாற்றினேன். கண்டக்டர் தாத்தா, ஓட்டு வீடு, கையில் கொஞ்சம் டாலரோடு விமானம் ஏறிய அப்பா என்று எல்லாவற்றையும் உள்ளே போட்டேன். இருபத்து மூன்று வயதில் எதைச் சொல்ல வெட்கப்பட்டேனோ, அதையே ஐம்பது வயதில் மகள் கையில் கொடுத்து விற்கச் சொன்னேன். கமிட்டியில் எடுபடும் என்று எனக்குத் தெரியுமே!

அவள் படித்துவிட்டு, "அப்பா, இது உங்க கட்டுரை. நீங்க அப்பவே எழுதியிருக்கணும்" என்றாள். பிறகு பத்து நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. தன் கட்டுரையையே அனுப்பினாள். எனக்குக் காட்டவில்லை.

அந்த ஹானர்ஸ் ப்ரோகிராமில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. நல்ல கட்டுரை எழுதினால் நிச்சயம் கிடைக்கும் என்று நான் உங்களிடம் பொய் சொல்ல விரும்பவில்லை. இடம் குறைவு, வருகிறவர் அதிகம். என்னைப் போல் அவசரமாகப் படிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதே பல்கலைக்கழகத்தில் சாதாரண மாணவியாகச் சேர்ந்தாள். சேரப்போகும் முன் அந்தத் தாளை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

அது அவள் பாட்டியைப் பற்றியது, என் அம்மா. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஊருக்குப் போன் போடுவோம். பாட்டி என்ன கேட்டாலும் இவளுக்குத் தமிழில் மூன்று பதில்தான் தெரியும். "சாப்பிட்டேன் பாட்டி." "நல்லா இருக்கேன் பாட்டி." "படிக்கிறேன் பாட்டி." 2010-இல் அம்மா காலமானார். பத்து வருடம் பேசிய ஒருவரிடம் தான் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் தனக்கு உறைத்தது என்று எழுதியிருந்தாள். பதில் சொல்லக் கற்றுக்கொள்வதும் கேள்வி கேட்கக் கற்றுக்கொள்வதும் ஒன்றா, ஏன் முதலாவது மட்டும் சுலபமாக வருகிறது என்று கேட்டிருந்தாள். தமிழில் பாட்டியிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்று ஒன்றை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தாள்: "பாட்டி, நீங்க சின்ன வயசுல என்ன ஆகணும்னு நினைச்சீங்க?"

அந்தக் கேள்வியை நானும் என் அம்மாவிடம் கேட்டதில்லை.

கல்லூரியில் அவள் மொழியியல் எடுத்தாள். தமிழ் வகுப்பிலும் சேர்ந்தாள். ஹானர்ஸ் ப்ரோகிராமில் இல்லாவிட்டாலும் ஆய்வேடு எழுதித் துறை அளவில் ஹானர்ஸ் பட்டம் வாங்கும் வழி அங்கே பல இடங்களில் உண்டு. அப்படி வாங்கினாள். குழந்தைகள் இரண்டாவது மொழியில் கேள்வி கேட்கக் கற்பதைப் பற்றி எழுதினாள். கமிட்டி அந்தக் கட்டுரைக்கு என்ன மதிப்பெண் போட்டது என்று எனக்குத் தெரியாது. அவள் அதை எழுதியபோது கண்டுபிடித்த கேள்வி நாலு வருடம் அவளை நடத்திக்கொண்டு போனது. அது எனக்குத் தெரியும்.

ஆகவே தம்பி, தங்கைகளே, நாளை மறுநாள் வரை கல்லூரி விருந்தினர் விடுதியில்தான் இருக்கிறேன். எழுதி வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள். படிக்கிறேன். பேனா எடுத்து வர மாட்டேன், திருத்த மாட்டேன். எங்கே சலிப்புத் தட்டியது என்று மட்டும் சொல்கிறேன். இன்னும் எழுதாதவர்கள் இன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போன் போட்டு, அப்பாவிடமோ அம்மாவிடமோ இதுவரை கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

நட்சத்திரம் எண்ணியவர்கள் மட்டும் தயவுசெய்து வர வேண்டாம். அந்த ஃபைல் மூடியாகிவிட்டது.